சங்ககிரியா, நாமக்கல்லா?

கோட்டை பார்க்கப் போகலாம் என்று பேச்செடுத்தால், எங்கள் வீட்டில் இந்த இரண்டு பெயரும்தான் வரும். இரண்டுமே மலைக்கோட்டை, இரண்டுமே தொல்லியல் துறையின் பராமரிப்பு. ஒற்றுமை அதோடு சரி.

நாமக்கல் கோட்டை ஊருக்கு நட்டநடுவே, சுமார் 65 மீட்டர் உயரமுள்ள ஒரே பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. பாறையிலேயே வெட்டிய படி. நிதானமாக ஏறினாலும் அரைமணி நேரம் ஆகாது. உச்சியைச் சுற்றி மதில் இன்னும் கெட்டியாக நிற்கிறது. 1768-ல் ஆங்கிலேயர் பிடித்து, அதே வருஷம் ஹைதர் அலியிடம் பறிகொடுத்த இடம். ஆனால் உள்ளே பார்க்க அதிகமில்லை. கால்மணி நேரத்தில் சுற்றிவிட்டு, மதிலோரம் நின்று ஊரையும் கமலாலயக் குளத்தையும் பார்க்க வேண்டியதுதான்.

அங்கே சரக்கு இருப்பது அடிவாரத்தில். மேற்கே நரசிம்மர், கிழக்கே ரங்கநாதர். இரண்டும் அதியர் குல மன்னர்கள் குடைந்த கோயில்கள், மேலிருக்கும் மதிலைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை. நரசிம்மரைப் பார்த்தபடி 18 அடி ஆஞ்சநேயர், தலைக்குமேல் கூரையில்லாமல். முட்டிவலிக்காரர்களான எங்கள் அம்மாயி போன்றவர்களுக்கு இதுவே நிறைவு.

சங்ககிரி அப்படி விடாது. விஜயநகரக் காலத்தில் எழுந்து, திப்பு, கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) என்று கைமாறிய கோட்டை. ஒரு வாசலைத் தாண்டினால் இன்னொரு வாசல், அதற்கு மேல் இன்னொன்று. "இன்னும் எத்தனை வாசலுங்க மாமா?" என்று அக்கா பையன் கேட்டபோது பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பியது என் முட்டாள்தனம். மூன்றாவது வாசலிலேயே காலி. வழியில் தர்கா, மேலே பெருமாள் கோயில். நடுநடுவே மதிலில் பெயிண்டால் கிறுக்கிய காதல் ஜோடிப் பெயர்கள், எரிச்சல்தான் வருகிறது. தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்டது இங்கேதான். அந்த நினைவில் ஆடிப்பெருக்கு சமயத்தில் கூட்டம் அலைமோதும்.

கோட்டை என்றால் எதிரியை எப்படித் திணறடிக்கும் என்று காலால் தெரிந்துகொள்ள எனக்குச் சங்ககிரிதான். காலை ஆறரைக்கே ஏறத் தொடங்குங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரோடு. பெரியவர்களோடு போனால் நாமக்கல், அதுவும் நாலு மணிக்கு மேல். உச்சிவெயிலில் அந்தப் பாறை தோசைக்கல்.