டெல்டாவில் கபடி லீக் என்று வருகிறார்கள், அணி வாங்கப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

எனக்கு அணி விற்றவனை நேற்று மாலையும் அழைத்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லையாம். போனது 3,50,000 ரூபாய். வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்துகிற ஐந்து பேரில் நானும் ஒருவன். அதைக் கேள்விப்பட்டுத்தான், விளையாட்டு நிகழ்ச்சிகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் ஆள் என்று அவன் வந்தான். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று எட்டு அணிகள், வீரர்கள் ஏலம், தொலைக்காட்சி ஒளிபரப்பு. "2014இல் புரோ கபடி வந்தபோதும் இப்படித்தான் யோசித்தார்கள் அண்ணே" என்றான்.

நான் ஏமாந்தது எங்கள் வீட்டுத் திண்ணையில். அப்பாவுக்கு வாதத்தில் வலது கால் வராது. கிளம்பும்போது அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நழுவிக் கிடந்த செருப்பைத் தன் கையாலேயே மாட்டிவிட்டான். "நல்ல பிள்ளையாகத் தெரிகிறான், சேர்ந்துகொள்" என்றார் அப்பா. கொள்முதல் நிலையத்தில் போட்ட குறுவை நெல்லின் பணம், என் மனைவியின் வளையல் அடகு, நண்பர்கள் பங்கு. மொத்தம் 3,50,000 ரூபாய், அவன் சொன்ன தனிநபர் கணக்கில் போட்டோம்.

அப்புறம் முதலில் மழை என்றான். அடுத்து, ஆடுகளத்தில் விரிக்கிற மேட் டெல்லியிலிருந்து வர வேண்டும். அடுத்து, ஒளிபரப்பு ஒப்பந்தம் முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறியது: "அணி உரிமைக் கட்டணம் திரும்பாது, ஒப்பந்தத்தைப் படியுங்கள்."

ஒன்பது பக்கமும் ஆங்கிலம். வக்கீல் படித்துச் சொன்னார்: நாங்கள் விலகினால் அபராதம், லீக்கே நடக்காவிட்டால் அவர்கள் என்ன தர வேண்டும் என்று ஒரு வரி கிடையாது, தகராறு என்றால் டெல்லியில் மத்தியஸ்தம். வங்கி உத்தரவாதம் தரவில்லை என்று 2011இல் ஐபிஎல்லிலிருந்து கொச்சி அணியையே நீக்கினார்கள். நான் இவனிடம் ஒரு உத்தரவாதமும் கேட்கவில்லை. காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

கபடிச் சங்கத்தில் விசாரித்தால், அனுமதி கேட்டு யாருமே வரவில்லையாம். 2007இல் கிரிக்கெட் வாரியம் ஏற்காத ஐசிஎல் என்ற தனியார் லீக்கில் ஆடியவர்களுக்குத் தடை விழுந்ததே, அந்தக் கதி எங்கள் பிள்ளைகளுக்கும் வந்திருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு பையன் தினமும் வாசலில் நிற்கிறான். "எப்போது மாமா ஆரம்பம்?" என்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்வது?

விவரமாக எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. சங்கத்தின் அனுமதியைச் சங்கத்திலேயே நேரில் போய்க் கேளுங்கள். தனிநபர் கணக்கில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். வக்கீல் படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

இப்போது பட்டுக்கோட்டைப் பக்கம் வேறு பெயரில் அணி விற்கிறார்கள் என்று கேள்வி. அதே 3,50,000 ரூபாய்தானாம். ஏற்கெனவே கொடுத்தவர்கள் இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். சேர்ந்து போய்ப் புகார் கொடுப்போம்.