மாற்றிய பயாஸை எழுத நான்கு வழிகள்: எதில் திரும்பி வரலாம்?

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் என் மச்சானிடம் மூன்றாம் தலைமுறை ஐ5 கணினி ஒன்று இருக்கிறது. எச்61 மதர்போர்ட், எட்டு ஜிபி ராம். 2012 காலத்துச் சாமான்தான், ஆனால் உயர்தரம் படிக்கும் மகளுக்கு அதுதான் கணினி. போன மாதம் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியும் (சாட்டா வகையைவிட வேகமான சேமிப்பு டிஸ்க்), அதைக் கிராபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லொட்டில் செருக ஒரு சின்ன அடாப்டரும் வாங்கி வந்து மேசையில் வைத்தான்.

யோசனை நல்லதுதான். எச்61 சிப்செட்டின் சாட்டா (டிஸ்க்குகளுக்கான வழக்கமான இணைப்பு) வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்டோடு நின்றுவிடும். எவ்வளவு நல்ல சாட்டா எஸ்எஸ்டி போட்டாலும் அதன் பாதி வேகம்தான் கிடைக்கும். நீள ஸ்லொட்டோ நேராகப் புரொசஸரோடு இணைந்தது, சும்மா கிடக்கிறது. ஒரே ஒரு இடைஞ்சல்: விண்டோஸுக்கு அந்த டிஸ்க் தெரியும், ஆனால் அதிலிருந்து கணினி கிளம்பாது. கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் மென்பொருள்தான் பயாஸ், அது போர்டில் உள்ள ஒரு சின்னச் சிப்பில் இருக்கிறது. 2012 பயாஸுக்குள் என்விஎம்இ டிரைவர் இல்லை. அந்த டிரைவரைப் பயாஸ் கோப்புக்குள் செருகி, மாற்றிய கோப்பைச் சிப்பில் எழுத வேண்டும்.

எழுத நான்கு வழிகள் உண்டு. எழுதாமலே சமாளிக்கும் வழி ஒன்றும் உண்டு. "எது மச்சான் இலகு?" என்று அவன் கேட்டான். நான் இலகைப் பார்ப்பதில்லை. பாதியில் பிழை வந்தால் எந்த வழியில் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்றுதான் பார்க்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எந்த வழியில் எழுதினாலும் கோப்பைத் தயார் செய்யும் வேலை ஒன்றுதான். போர்டில் இருப்பது யூஇஎஃப்ஐ எனும் புதிய வகைப் பயாஸ்தானா என்று முதலில் பாருங்கள். எச்61 போர்டுகளில் பழைய வகையும் கிடக்கிறது, அதில் இந்த வேலை சரிவராது. யூஇஎஃப்ஐ டூல் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, டிஎக்ஸ்இ டிரைவர்கள் (கணினி கிளம்பும்போது பயாஸ் ஓட்டும் டிரைவர்கள்) அடுக்கியிருக்கும் பகுதியில் கடைசி டிரைவருக்குப் பின்னால் என்விஎம்இ டிரைவரைச் செருகுவதுதான் வேலை. அந்த மென்பொருளின் பெயரில் என்இ என்று வரும் புதிய பதிப்புகள் பார்க்க மட்டும்தான் உதவும், செருக 0.28 போன்ற பழைய பதிப்பு வேண்டும். சேமித்த பிறகு மூலக் கோப்பையும் மாற்றிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வடிவாகப் பாருங்கள். இடம் நிரப்ப வைத்திருக்கும் பேட் கோப்பு எதுவும் காணாமல் போயிருந்தாலோ, புதிதாக முளைத்திருந்தாலோ அந்தக் கோப்பை எழுதவே வேண்டாம். டிரைவர் சரியாக உட்கார்ந்திருந்தாலும் பேட் கோப்பு குழம்பினால் போர்ட் கிளம்பாமல் போகலாம்.

எழுதாமல் சமாளிப்பதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. குளோவர் என்ற பூட் லோடரை (விண்டோஸ் போன்றவற்றைக் கிளப்பிவிடும் மென்பொருள்) ஒரு பென் டிரைவில் போட்டு, அதன் டிரைவர் கோப்புறையில் என்விஎம்இ டிரைவரை வைத்தால் போதும். கணினி பென் டிரைவிலிருந்து கிளம்பி, அங்கிருந்து என்விஎம்இ டிஸ்க்குக்குத் தாவும். லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: பூட் பகுதியைப் பழைய சாட்டா டிஸ்க்கில் வைத்துவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் என்விஎம்இயில் வைக்கலாம். பென் டிரைவ் எந்நேரமும் செருகியபடி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் குறை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது சின்னக் குறை இல்லை. பாடக் குறிப்பு எடுத்துப் போக யாராவது அதைக் கழற்றினால், அன்றைக்குக் கணினி கிளம்பாது. இருந்தாலும் ஆபத்து இல்லாத ஒரே வழி இதுதான். டிஸ்க்கும் அடாப்டரும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சிப்பைத் தொடாமலே இதில் தெரிந்துவிடும். மச்சானுக்கும் முதல் வாரம் இதைத்தான் செய்து கொடுத்தேன்.

எழுதும் வழிகளில் முதலாவது, பயாஸ் திரைக்குள்ளேயே இருக்கும் எழுதும் கருவி. ஈசி ஃபிளாஷ், கியூ ஃபிளாஷ், எம் ஃபிளாஷ் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர். நிறுவனத்தின் அசல் கோப்புக்கு இது நல்ல வழி. மாற்றிய கோப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் மறுத்துவிடும், ஏனென்றால் நிறுவனம் கோப்பில் இட்ட டிஜிட்டல் கையொப்பம் இப்போது பொருந்தாது. அப்படி மறுத்தால் அதை ஏமாற்ற வழி தேடி இரவெல்லாம் உட்கார வேண்டாம், அடுத்த வழியைப் பாருங்கள்.

இரண்டாவது, விண்டோஸிலோ லினக்ஸிலோ இருந்தபடியே எழுதுவது. இன்டெல் போர்டுகளுக்கு எஃப்பிடி, ஏஎம்ஐ பயாஸுக்கு ஏஎஃப்யூ, லினக்ஸில் ஃபிளாஷ்ரொம். பெட்டியைத் திறக்கத் தேவையில்லை, பயாஸ் பகுதியை மட்டும் தனியாக வாசித்துத் தனியாக எழுதலாம். போர்டின் மற்றப் பகுதிகள், முக்கியமாக இன்டெல் எம்இ பகுதி (சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் இன்டெல்லின் மென்பொருள்), தொடப்படாமல் இருக்கும். இது உண்மையிலேயே பெரிய நன்மை. ஆனால் எஃப்பிடியின் பதிப்பு சிப்செட்டின் எம்இ தலைமுறையோடு பொருந்த வேண்டும். போர்டில் சிப்பில் எழுதுவதைத் தடுக்கும் பயாஸ் பூட்டோ பாதுகாத்த எல்லையோ இருந்தால் அது எழுத விடாது.

எனக்கு மனம் ஒப்பாதது பூட்டு அல்ல, கரண்ட். எங்கள் பக்கம் மாரிகாலத்தில் கரண்ட் போவது சொல்லிவிட்டு வருவதில்லை. 2022ஆம் ஆண்டு நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை வெட்டு இருந்தது, ஆனால் அதற்கு அட்டவணையாவது இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதில் முழு இலங்கையும் ஒரே நேரத்தில் இருண்டது. அதற்கு எந்த அட்டவணை?

சில வருடங்களுக்கு முன் கல்முனையில் ஒரு தெரிந்தவரின் கணினிக்கு விண்டோஸில் இருந்தே எழுதினேன். கார்த்திகை மாத மழை. எழுதி முடிய ஓரிரு நிமிடம்தானே என்று நினைத்தேன். யூபிஎஸ் இருந்தது, அதன் பட்டரி எவ்வளவு பழையது என்று நான் கேட்கவில்லை. பாதியில் லைட் போனது, யூபிஎஸ் ஒரு முறை கத்தியது, திரை கறுத்தது. அதற்குப் பிறகு அந்தப் போர்ட் கிளம்பவில்லை. அதைவிடப் பெரிய பிழை, எழுதும் முன் நான் பழைய பயாஸை வாசித்து வைக்காதது. காத்தான்குடியில் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு காக்கா சிப்பைக் கழற்றி, நிறுவனத்தின் தளத்தில் கிடைத்த கோப்பை எழுதித் தந்தார். போர்ட் எழும்பியது. ஆனால் அந்தப் போர்டுக்கே உரிய மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) தொடர் எண்ணும் போய்விட்டன. அவை சிப்புக்குள்ளேதான் இருந்தன. "தம்பி, எழுதத் தெரிஞ்சா காணாது, முதல்ல வாசிக்கத் தெரியணும்" என்றார் அவர். கணினியின் சொந்தக்காரர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது வழி, போர்டின் பின்பக்கத்தில் இருக்கும் ஃபிளாஷ்பேக் பட்டன். ஃபாட்32 முறையில் தயாரித்த பென் டிரைவில் கோப்பைப் போட்டு, குறிப்பிட்ட யூஎஸ்பி வாயில் செருகி, பட்டனை அமத்த வேண்டும். புரொசஸர் வேண்டாம், ராம் வேண்டாம், பவர் சப்ளையின் காத்திருப்பு மின்சாரமே போதும். கோப்பின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்: கிகாபைட்டுக்கு ஒரு பெயர், எம்எஸ்ஐக்கு ஒரு பெயர், அசுஸில் மாடலுக்கு ஒன்று. 2011, 2012 காலத்து அசுஸ் போர்டுகள் பல இந்த வழியில் கையொப்பம் பார்ப்பதில்லை, மாற்றிய கோப்பையும் வாங்கிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் வந்தபின் மறுபடி அமத்தலாம், ஏனென்றால் இந்த வேலையைச் செய்வது பயாஸ் இல்லை, தனியான ஒரு சின்னச் சிப். பட்டன் உள்ள போர்ட் கையில் இருந்தால் இரண்டாவது வழியைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பழைய பயாஸை வாசித்துத் தராது, எழுத மட்டுமே செய்யும். மச்சானின் போர்டில் அந்தப் பட்டனே இல்லை. விலை குறைந்த எச்61 போர்டில் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

இனி நான்காவது. பார்த்தாலே பயம் வரும் வழி, ஆனால் நான் நம்புவது இதைத்தான். சிஎச்341ஏ என்ற சின்னப் புரோகிராமரை இன்னொரு கணினியின் யூஎஸ்பியில் செருகி, சிப்பை நேராக வாசித்து, நேராக எழுதுவது. அந்த இன்னொரு கணினி மடிக்கணினியாக இருந்தால் கரண்ட் கவலையும் இல்லை. நடுவில் என்ன குழம்பினாலும் மறுபடி முதலில் இருந்து எழுதலாம். பயாஸ் செத்திருந்தாலும், உயிரோடு இருந்தாலும் இந்தக் கருவிக்கு ஒன்றுதான்.

இதிலும் கைபிசகும் இடங்கள் உண்டு. முதலாவது வோல்டேஜ். டெஸ்க்டொப் போர்டுகளில் அந்தக் காலத்துச் சிப்புகள் பெரும்பாலும் 3.3 வோல்ட், புதிய மடிக்கணினிகள் பலவற்றில் 1.8 வோல்ட். சிப்பின் முதுகில் உள்ள எழுத்தைப் பெருக்குக் கண்ணாடியால் வாசித்து, அதன் தரவுத்தாளைப் பார்க்காமல், சிப்பைக் கவ்விப் புரோகிராமரோடு இணைக்கும் கிளிப்பை மாட்டக் கூடாது. 1.8 வோல்ட் சிப் என்றால் இடையில் தனி அடாப்டர் வேண்டும். இன்னொன்று, மலிவான கறுப்பு நிற சிஎச்341ஏயில் சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வருவது தெரிந்த குறை. அதைத் திருத்தியதையோ, வோல்டேஜ் மாற்ற ஆளி உள்ள புதிய வகையையோ வாங்குங்கள். புரோகிராமரின் சொக்கட்டில் 24 என்ற சிப் வரிசைக்கு ஒரு பாதி, 25 வரிசைக்கு ஒரு பாதி. பயாஸ் சிப் 25 பக்கம். சிப்பின் மூலையில் உள்ள புள்ளி முதலாவது கால், கிளிப்பின் சிவப்புக் கம்பி அங்கேதான் வர வேண்டும்.

போர்டில் இருந்தபடியே கிளிப் மாட்டினால், பவர் வயரையும் பட்டன் பட்டரியையும் கழற்றிவிடுங்கள். அப்படிச் செய்தும் வாசிப்பு குழம்பலாம், ஏனென்றால் புரோகிராமர் கொடுக்கும் மின்சாரம் சிப்போடு நிற்காமல் போர்டின் மற்றப் பாகங்களுக்கும் ஓடுகிறது. கல்லடி போன்ற கடலோரத்தில் இன்னொரு தொல்லை: உப்புக்காற்றில் சிப்பின் கால்கள் மங்கி, கிளிப் சரியாகப் பிடிக்காது. ஐசோபுரோபைல் அல்ககோலும் பழைய பல் துலக்கியும் எடுத்து மெல்லத் துடைத்துவிட்டு மாட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

அப்புறம் வாசிப்பு. ஒரு முறை வாசித்தால் போதாது. மூன்று முறை வாசியுங்கள், ஒவ்வொரு முறையும் கிளிப்பைக் கழற்றி மாட்டுங்கள், மூன்று கோப்பின் ஷா 256 தொகையும் (கோப்பில் இருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒன்று வேறாக வந்தாலும் எழுத்து வேலைக்குப் போகாதீர்கள். அளவையும் பாருங்கள்: 8 மெகாபைட் சிப்பில் இருந்து வரும் கோப்பு சரியாக 83,88,608 பைட் இருக்க வேண்டும். அசுஸ் தளத்தில் கிடைக்கும் கேப் கோப்பு இதைவிட 2,048 பைட் கூடுதலாக இருக்கும். அது முன்னால் ஒட்டிய உறை, அதை வெட்டாமல் சிப்பில் எழுதினால் போர்ட் கிளம்பாது. மாற்றும் வேலைக்கு அடிப்படையாகத் தளத்துக் கோப்பை எடுக்காமல், உங்கள் சிப்பில் இருந்து வாசித்த கோப்பையே எடுங்கள். மேக் முகவரியும் தொடர் எண்ணும் எம்இ பகுதியும் அதில் அப்படியே இருக்கும். வேறொருவரின் போர்டில் வாசித்த கோப்பை எழுதவே வேண்டாம். எம்இ பகுதி பழுதானால் கணினி அரை மணிநேரத்தில் தானாக அணைந்துகொண்டே இருக்கும். கல்முனையில் எனக்கு நடந்ததைப் போல் அடையாளங்களும் போகும்.

இந்த வழியாலும் ஆகாத ஒன்று உண்டு. 2013இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல்லில் இருந்து, பயாஸ் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் பூட் கார்ட் என்ற காவல் வந்தது. அது இயங்கும் கணினிகளில், முக்கியமாக நிறுவனங்களின் அலுவலகக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும், காவலுக்குள் வரும் பகுதியை மாற்றினால் சிப்பில் எழுத்து சரியாக ஏறினாலும் கணினி கிளம்ப மறுக்கும். மூன்று முறை வாசித்து வைத்த கோப்பு இருந்தால் அதை மறுபடி எழுதிப் பழைய நிலைக்கு வரலாம். கோப்பு இல்லையென்றால் கொழும்புக்குத்தான் போர்டை அனுப்ப வேண்டி வரும்.

ஆகவே மச்சானுக்குச் சொன்ன வரிசை இது. குளோவரில் ஒரு வாரம். பென் டிரைவ் தொல்லை தாங்கக்கூடியது என்றால் அதோடு நிற்கலாம். தாங்காது என்றால் நேரே நான்காவது வழி. பட்டன் உள்ள போர்ட் வைத்திருப்பவர்கள் மூன்றாவது வழியால் எழுதலாம், ஆனால் அதற்கு முன்னும் பழையதை எப்படியாவது வாசித்து வைக்க வேண்டும். இரண்டாவது வழி, நல்ல பட்டரி உள்ள மடிக்கணினிக்கு மட்டும், அதுவும் பூட்டு இல்லை என்றால்.

மூன்றாம் நாளே மகள் பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறந்தோம். பார்த்தால், சிப் ஈயத்தால் ஒட்டியதாக இல்லை, எட்டுக் காலோடு சொக்கட்டில் நின்றது. கிளிப்பே தேவைப்படவில்லை. சின்னத் திருப்புளியால் இரண்டு பக்கமும் மாறி மாறி மெல்லக் கிளப்பி எடுத்து, வாசித்து, மூன்று தொகையும் ஒன்று என்று பார்த்தோம். அதே வகைப் புதுச் சிப் ஒன்றை ஏற்கனவே வரவழைத்து வைத்திருந்தேன், மாற்றிய கோப்பை எழுதியது அதில்தான். பழைய சிப்பைக் காகிதத்தில் சுற்றி, "அசல்" என்று எழுதி, திகதியும் போட்டு, பெட்டியின் உட்பக்கம் டேப்பால் ஒட்டினான் மச்சான்.