கூரை மேய்ந்து தரும் இளைஞர் குழு: எங்கள் அனுபவம்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே கடலை ஒட்டிய எங்கள் ஊரில், தனியாக வாழும் முதியவர்களுக்கு வீட்டு வேலைகளைக் கூலி வாங்காமல் செய்து தரும் இளைஞர் குழு ஒன்று உள்ளது. அலுவலகம், விண்ணப்பம் எதுவும் கிடையாது. பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் சொல்லிவைத்தால், ஓரிரு நாளில் யாராவது வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2024 மே மாதம் என் அத்தையின் வீட்டுக் கூரையின் கிழக்குச் சரிவை அவர்கள்தான் மேய்ந்து தந்தார்கள்.

மே மாதம் அமைந்தது தற்செயல் அன்று. குழுவில் பெரும்பாலோர் விசைப்படகுகளில் வேலை செய்பவர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடப்பில் இருக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவர்கள் கரையில் இருக்கிறார்கள். எனவே கூரை வேலை வேண்டுவோர் பங்குனி முடிவதற்குள் சொல்லிவைத்துவிடுவது நல்லது. ஐப்பசியில் ஒழுகத் தொடங்கிய பிறகு சொன்னால், தார்ப்பாய் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

கிடுகும் மூங்கிலும் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். ஆறு பேர் காலை ஏழு மணிக்கு வந்து, வெயில் ஏறுவதற்குள் பழைய கீற்றைப் பிரித்து இறக்கிவிட்டார்கள். அப்போது இறவாரத்தில் செருகியிருந்த ஒரு கந்தல் துணிச் சுருளைக் கண்ட பையன், அதைக் குப்பையோடு எறியாமல், "அப்பத்தா, இது வேணுமா?" என்று கேட்டு அவர் கையில் கொடுத்தான். அது, கடற்பாறையில் பாசி பறிக்கும்போது விரல்கள் கிழியாமலிருக்க அத்தை சுற்றிக்கொண்ட துணி. அவர் பாசிக்குப் போவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. வாங்கி மடியில் வைத்துக்கொண்டாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. கூலிக்கு வரும் ஆட்கள் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது; மண்டபம் பக்கமும் தெருவெல்லாம் தண்ணீர். புதிதாக மேய்ந்த சரிவில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை என்பதை நான் நேரில் பார்த்தேன். ஆனால் வேலையில் குறையும் உண்டு. கிடுகைக் கட்டுவதற்குப் பனைநார் பயன்படுத்தாமல், கைக்கு விரைவாக வருகிறதென்று கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டார்கள். உப்புக் காற்றில் அந்தக் கம்பி தை மாதத்திலேயே துருப்பிடித்து, ஓர் ஓரம் பிரிந்து தொங்கியது. ஊறவைத்த நார் காய்ந்தால் இறுகும் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும்; அவர்களில் ஒருவரையாவது பக்கத்தில் நிறுத்தி வேலை செய்திருக்கலாம். சொல்லி அனுப்பியதும் இரண்டு பேர் வந்து மறுபடி கட்டிவிட்டுப் போனார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும்.

குழாயில் தண்ணீர் வரும் நாள்களில் நான்கைந்து முதியவர்களின் குடங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்குவதும் இவர்கள்தான். இவர்கள் செய்யும் சீமைக்கருவேலம் வெட்டும் பணியைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல கருத்து இல்லை. வெட்டிய விறகைக் கரிமூட்டத்துக்கு விற்றுச் செலவுக்கு வைத்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் தூரைத் தோண்டாமல் விட்டால் அடுத்த மழைக்கே அது தழைத்து நிற்கிறது.

என் பெரிய மனக்குறை வேறு. சொல்லிவைக்கும் இடம் தேநீர்க் கடையாக இருக்கிறது. அங்கே பெண்கள் போய் உட்காருவதில்லை. அத்தைக்காகப் பேச நான் இருந்தேன். மேலத்தெருவில் என்னைப் போல ஒருவர்கூட இல்லாத ஒரு மூதாட்டியின் வீட்டில், அந்த நவம்பர் மழையிலும் பாத்திரங்களைப் பரப்பித்தான் வைத்திருந்தார். குழுவினரிடம் கேட்டதற்கு, "எங்களுக்கு யாரும் சொல்லலையே அண்ணே" என்றார்கள். பால் சங்கத்திலோ நியாயவிலைக் கடையிலோ ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வரும் தடைக்காலத்தில் முதலில் அந்த மூதாட்டியின் வீடு, அதன்பின் அத்தை வீட்டின் மேற்குச் சரிவு என்று பேச்சு. இரண்டு வீட்டுக்கும் வேண்டிய நாரை அத்தை இப்போதே கிழித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறார்.