பழைய கம்ப்யூட்டருக்கு ரேம் வாங்கப் போகிறீர்களா? என் ₹2,400 போனது இப்படித்தான்

புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் என்னிடம் ₹2,400 வாங்கிக்கொண்டு, என் கம்ப்யூட்டரில் எந்தக் காலத்திலும் ஓடாத ரேமைத் தலையில் கட்டிவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோர்ட் டைப்பிங், இதுதான் பிழைப்பு. கம்ப்யூட்டர் பழையது: இன்டெல் ஜி41 மதர்போர்டு, கோர் 2 டுயோ, 2 ஜிபி டிடிஆர்3 ரேம் (டிடிஆர்2-க்கு அடுத்த தலைமுறை). போட்டோஷாப்பைத் திறந்தாலே திணறும். அந்த போர்டு 8 ஜிபி வரை ஏற்கும். 4 ஜிபி ரேம் இரண்டு போட்டால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

போகும்போது போர்டின் மாடல் எண்ணைச் சீட்டில் எழுதி எடுத்துப் போனேன். பழைய ரேமையும் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கவுன்டரில் இருந்தவர் சீட்டைப் படித்துவிட்டு, "ஜி41-ஆக்கா? எவ்வளவோ பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கோம்" என்றார். புது ரேமையும் பழையதையும் கண்ணாடி மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தங்க நிறக் கால்களுக்கு நடுவே இருக்கும் வெட்டைக் காட்டினார். "பாருங்கக்கா, ரெண்டுலயும் ஒரே எடத்துல இருக்கு. அப்போ ஒண்ணுதானே?"

வெட்டு ஒரே இடத்தில் இருந்தது உண்மைதான். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 கால்கள். வெட்டு மட்டும் இடம் மாறும். ஆனால் அதை வைத்து டிடிஆர்3 என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். மேலே இருக்கும் சில்லு (சிப்) எந்த வகை என்று அதில் தெரியாது. அப்புறம் கடையில் கிடந்த ஒரு போர்டில் புது ரேம் இரண்டையும் மாட்டி ஆன் செய்தார். திரையில் 8 ஜிபி என்று வந்தது. கண் முன்னால் ஓடுகிறதே, இனி என்ன சந்தேகம்? ₹2,400 எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் மாட்டினால் ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு, நீளமாக பீப், பீப் என்று கத்துகிறது. ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன், ஸ்லாட் மாற்றிப் பார்த்தேன், கால்களை ரப்பரால் துடைத்தேன், பயாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அதே சத்தம். பழைய 2 ஜிபியைப் போட்டதும் உடனே ஓடியது, இரண்டு ஸ்லாட்டிலும்.

போன் செய்தால், "ஸ்பீடு அதிகமான ரேம் மேடம், உங்க போர்டு தாங்கல" என்றார்கள். வேகமான டிடிஆர்3 ரேம் பழைய போர்டில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். அது இப்படிக் கத்துவதற்குக் காரணமே இல்லை. அடுத்த தடவை, "கடலூர்ல உப்புக் காத்து மேடம், ஸ்லாட் அரிச்சிருக்கும்" என்றார்கள். அரித்த ஸ்லாட்டில் பழைய ரேம் மட்டும் எப்படி ஓடும் என்று கேட்டேன். முதலாளி காரைக்கால் போயிருக்கிறார் என்று போனை வைத்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி ரேமை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கடையின் வாரண்டி ஸ்டிக்கர், தயாரிப்பாளர் லேபிளின் ஓர் ஓரத்தில் சரியாக ஒட்டியிருந்தது. அதன் முனை எழும்பியிருந்ததால் மெதுவாகத் தூக்கினேன். அடியில் பொடி எழுத்தில், ஏஎம்டி (இன்டெல்லுக்குப் போட்டியான பிராசசர் கம்பெனி) போர்டுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. இரண்டு ரேமிலும் அதே இடத்தில்தான் ஸ்டிக்கர்.

விஷயம் இதுதான். ரேம் ஒரே நேரத்தில் 64 பிட் கொடுக்க வேண்டும். சாதாரண டெஸ்க்டாப் ரேமில் ஒரு சில்லு 8 பிட் கொடுக்கும், அதனால் எட்டுச் சில்லு சேர்ந்தாலே 64 பிட் வந்துவிடும்; பதினாறு இருந்தால் எட்டு எட்டாக இரண்டு தொகுப்பு. இந்த மலிவு ரேமில் 4 பிட் சில்லு பதினாறு. சர்வர் ரேமில் அதிகம் வரும் வகை. சில ஏஎம்டி போர்டுகள் அதை ஏற்கும், இன்டெல் டெஸ்க்டாப் போர்டு ஏற்காது. ஏஎம்டி மேல் ஒரு குறையும் இல்லை. எந்த போர்டு என்று சீட்டில் படித்துவிட்டு இதை எடுத்து நீட்டியவர்கள் மேல்தான் என் கோபம்.

திரும்ப நேரில் போனேன். அதே போர்டில் மாட்டி, "ஓடுது பாருங்க மேடம்" என்றார். இந்த முறை திரையை அருகில் போய்ப் படித்தேன். ஏஎம்டி பிராசசர்! இன்டெல் போர்டில் போட்டுக் காட்டுங்கள் என்றால், இப்போது கையில் இல்லையாம். பணத்தைக் கேட்டால், "ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு, வாரண்டி போச்சு." மறைத்து ஒட்டியதும் அவர்கள், அதைத் தூக்கியதற்குக் குற்றம் சொல்வதும் அவர்கள். பில் என்று கொடுத்ததும் வெறும் எஸ்டிமேட் தாள். ₹2,400 எனக்குப் பல பத்திரிகைகளின் கூலி.

அவசரமாகச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். முடிந்தால் கேபினட்டையே கடைக்குத் தூக்கிப் போய், உங்கள் போர்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். லேபிள் மேல் எதையும் ஒட்ட விடாதீர்கள். ஜி41-க்கு 4 ஜிபி ரேம் என்றால் 8 பிட் சில்லு பதினாறு உள்ளது, அதுவும் இன்டெல்லில் ஓடும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எட்டே சில்லில் 4 ஜிபி தரும் வகையில் ஒவ்வொரு சில்லும் கொள்ளளவில் பெரியது, அதுவும் ஜி41-இல் ஓடாது. 32 பிட் விண்டோஸ் வைத்திருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பலனில்லை.

ஏமாந்தவர்கள் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. எஸ்டிமேட் தாள், ஸ்டிக்கர் போட்டோ இரண்டையும் வைத்து கடலூரில் கொடுக்கும் மனுவை இப்போது டைப் செய்துகொண்டிருக்கிறேன்.