விதைத்த வரவையும் காட்டுத் தாராவும்: துவக்கா, வெடியா, கயிறா, காவலா, தண்ணியா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் குளத்தை அண்டிய வட்டைகளில் (வயல்வெளிகளில்) வேளாண்மை செய்கிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தால் இது பெரிய கவலை. முளைநெல்லை எறிந்துவிட்டு வந்து மறுநாள் விடியப் போய்ப் பார்த்தால், வரவையின் (வரம்பு கட்டிய வயல் துண்டின்) பள்ளமான இடங்களில் சேறு கலங்கிக் கிடக்கும். சவ்வு விரல் பதிந்த தடங்கள் தெரியும், நெல்லைக் காணமுடியாது. இரவோடு இரவாகக் காட்டுத் தாரா (காட்டு வாத்து) இறங்கியிருக்கும்.

இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். இம்முறை கனடாவில் இருக்கும் என் மச்சானும் ஒரு வழி சொன்னார். "இங்க தாரா வேட்டைக்குப் போறவங்க கனபேர் பம்ப் துவக்குத்தான் வெச்சிருக்காங்க. நீங்களும் லைசன்ஸ் எடுத்து ஒண்டு வாங்குங்களன் மச்சான்." அக்கறையில் சொன்னதுதான். ஆனால் துவக்கு (துப்பாக்கி) என்பது ஒரு போகத்து விளைச்சலைத் தின்னக்கூடிய செலவு. ஆகவே அதையும் மற்ற வழிகளையும் ஒன்றாக வைத்து அலசிப் பார்ப்பது நல்லது.

முதலில் யாரோடு மல்லுக்கட்டுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். இங்கே முளைநெல்லுக்கு இறங்குவது பெரும்பாலும் சீழ்க்கைச் சிறகி. இங்கேயே குஞ்சு பொரித்து வருடம் முழுக்க இருப்பது. பகலில் குளத்தில் அடைந்து கிடக்கும், பொழுது பட்டபின் சீழ்க்கை அடித்தபடி கூட்டமாக வயலுக்குக் கிளம்பும். பெரும்போக (மழைக்காலப் போக) விதைப்பு நேரத்தில் வடக்கேயிருந்து வலசை வரும் நீலச்சிறகியும் ஊசிவால் தாராவும் குளங்களில் சேர்ந்துகொள்ளும், சித்திரையளவில் திரும்பிவிடும். நீலத்தாழைக்கோழியின் கதை வேறு. அது பகலில் வந்து வளர்ந்த பயிரின் தண்டை ஒடித்துத் தின்பது. அதற்கான பதிலை இங்கே தேட வேண்டாம். தாராவால் வரும் ஆபத்து விதைத்த இரவிலிருந்து பயிர் வேரூன்றி இரண்டு மூன்று இலை விடும்வரைதான். அந்தக் குறுகிய காலத்துக்குள், அதுவும் இரவில், எது வேலை செய்யும் என்பதுதான் கேள்வி.

துவக்கிலிருந்து தொடங்குவோம். இலங்கையில் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கலாம், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆனால் துவக்குக்கு அனுமதி கிடைத்தால் தாராவைச் சுட அனுமதி கிடைத்ததாக ஆகாது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும் நாட்டின் பெரும்பாலான பறவைகளுக்குக் காவலாக நிற்கின்றன. காட்டுத் தாரா வகைகளும் அந்தக் காவலுக்குள் வருகின்றன. கனடாவில் மச்சானின் நண்பர்கள் பருவகாலம் பார்த்து, பெர்மிற் வாங்கி, எத்தனை பறவை என்ற கணக்குக்குள் நின்று வேட்டையாடுகிறார்கள். இங்கே அப்படியொரு பருவகாலம் இல்லை.

சரி, பன்றிக்கும் சேர்த்து ஒரு துவக்கு வேண்டும் என்று முடிவெடுத்த ஒருவர் எதை எடுக்கலாம்? பம்ப் அக்சன் என்றால் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும், தோட்டாக்கள் அதற்குள் வரிசையாகக் கிடக்கும். முன்கட்டையைப் பின்னால் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும், முன்னால் தள்ளினால் அடுத்தது குழலுக்குள் ஏறும். அமெரிக்காவில் 1950இல் வந்த ரெமிங்டன் 870உம் 1960களின் தொடக்கத்தில் வந்த மொஸ்பேர்க் 500உம் இந்த வகையில் பெயர் எடுத்தவை. ரெமிங்டனின் உடல் உருக்கு, பாதுகாப்புப் பூட்டு விசைக்குப் பின்னால் குறுக்காக இருக்கும். மொஸ்பேர்க்கின் உடல் அலுமினியக் கலவை, பூட்டு மேலே பெருவிரலுக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதால் இடதுகைக்காரருக்கும் வசதி. உப்புக்காற்று அடிக்கிற வாவிக்கரையில் உருக்கு உடலை எண்ணெய் பூசாமல் வைத்தால் துரு ஏறிவிடும், அந்த வகையில் அலுமினியம் பிழைத்துக்கொள்ளும். இரண்டும் நல்ல துவக்குகள்தான். ஆனால் அடுத்தடுத்துச் சுடுவதற்காகச் செய்த இந்த வகையின் பெரிய சிறப்பை, தாரா வேட்டை என்று வந்தால் அந்த நாடுகளே கட்டிப்போட்டிருக்கின்றன. மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி குழாய்க்குள் கட்டை செருக வேண்டும் என்பது அங்கே விதி.

நம் வாடிக்கு (வயல் குடிலுக்கு) இந்த வகை பொருந்தாது என்பதற்கு எனக்குப் பெரிய காரணம், வெளியே பார்த்தால் உள்ளே தோட்டா கிடக்கிறதா இல்லையா என்று தெரியாது. வாடியில் பிள்ளைகள் வருவார்கள், சோறு கொண்டு பெண்கள் வருவார்கள், மிசின்காரர் வருவார். மடித்துத் திறக்கிற ஒற்றைக்குழல் துவக்கைத் திறந்து கைமடிப்பில் போட்டுக்கொண்டு நடந்தால், எதிரே வருகிறவருக்கும் அது வெறும் துவக்கு என்று தெரியும். சேறு பட்டாலும் துணியால் துடைத்துவிடலாம். இரட்டைக்குழலும் அப்படித்தான், பாரமும் விலையும் மட்டும் கூட. ஆகவே துவக்குகளுக்குள் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் நான் ஒற்றைக்குழலைத்தான் சொல்வேன்.

ஆனாலும் தாராவுக்கு எந்தத் துவக்கும் சரிவராது. அது வருவது இருட்டில், இறங்குவது தரையோடு தரையாக. மட்டமான வட்டையில் தாழச் சுட்ட சன்னம் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டு) எந்த வாடியில் போய் விழும் என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்தது ஈயம். ஒரு பன்னிரண்டு போர்த் தோட்டாவுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட சன்னங்கள் இருக்கும், பறவையில் படுவது நாலைந்து. மிச்சம் வரவைக்குள்தான். தாரா தன் இரைப்பையில் உணவை அரைக்கச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும் பறவை, சன்னத்தையும் கல் என்று விழுங்கிவிடும். அறுவடைக்குப் பின் வயலில் மேய விடுகிற வீட்டுத் தாராவுக்கும் அதே கதிதான். இதனால்தான் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னத்தை அமெரிக்கா 1991இலும் கனடா 1999இலும் முழுமையாகத் தடைசெய்தன. அங்கே இப்போது பெரும்பாலும் உருக்குச் சன்னம். ஈயத்தைவிட அடர்த்தி குறைவானபடியால் அது சீக்கிரம் வேகம் இழக்கும், அதனால் பெரிய சன்னமாக எடுத்து, கிட்ட வரவிட்டுச் சுடுகிறார்கள்.

யானைவெடி பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது யானையை விரட்டக் கொடுக்கிற வெடி, கையிலே வெடித்தால் விரல் போகும். முதல் இரவில் தாரா எழும்பிப் போகும், ஒரு சுற்றுச் சுற்றிப் பக்கத்துக்காரரின் வரவையில் இறங்கும். சில இரவுகளில் சத்தத்துக்குப் பழகி, எழும்பவும் பஞ்சிப்படும்.

பளபளக்கும் நாடாவும் பழைய கசெற் நாடாவும் பகல் காவலுக்குக் கெட்டித்தனமானவை. காற்றில் அதிர்ந்து ரீங்காரம் போடும், வெயிலில் மின்னும். புறாவும் தினைக்குருவியும் தயங்கும். இரவில் மின்ன வெயில் இல்லையே. கயிறு அப்படியல்ல. தாரா சறுக்கிக்கொண்டு தாழ வந்து இறங்கும் பறவை, அந்த வழியில் முழங்கால் உயரத்தில் கயிறு தட்டுப்பட்டால் கலைந்துவிடும். வரவைக்குக் குறுக்கே கம்பு ஊன்றி, இரண்டு மூன்று பாகத்துக்கு (ஒரு பாகம் விரித்த இரு கைகளின் நீளம்) ஒன்றாக வெள்ளைக் கயிறு கட்டினால் சின்ன வரவைகளுக்கு நல்ல பலன். பெரிய பூமிக்குக் கூலி கட்டாது. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: மீன்வலைத் துண்டையோ கண்ணுக்குத் தெரியாத தங்கூசி நைலோன் இழையையோ கட்டாதீர்கள். சிறகி மட்டுமல்ல, ஆந்தையும் கொக்கும் சிக்கி விடியும்வரை துடித்துச் சாகும்.

காவல் என்பது எல்லாவற்றிலும் பழையது. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக் காத்த காலத்திலிருந்து விதைத்தவனின் கண்ணும் குரலும் இருந்த இடத்தில் பறவை தயங்கியிருக்கிறது. இப்போது கையில் நல்ல எல்.ஈ.டி. ரோச் இருக்கிறது. ஒரே இடத்தில் எரியும் லாம்புக்குத் தாரா பழகிவிடும். நேரம் மாற்றி, திசை மாற்றி வீசுகிற வெளிச்சத்துக்குப் பழகுவது கடினம். பொழுது பட்ட முதல் சில மணித்தியாலங்களும் விடியற்புறமும் முக்கியம். குறை என்னவென்றால் ஆள். யானை நடமாடும் வட்டையில் தனியே இரவுக் காவலுக்கு யாரையும் அனுப்ப எனக்கு மனம் வராது.

இனி நான் முதலிடம் கொடுக்கிற வழி. எங்கள் பக்கத்தில் நெடுங்காலம் முல்லைக்காரராக (வயல் வேலைப் பொறுப்பாளராக) இருந்த ஒரு பெரியவர் சொல்வார்: "தாரா நெல்லுக்கு வாறல்ல தம்பி, தண்ணிக்கு வாறது. வந்த இடத்துல நெல்லுக் கிடந்தா விடுமா?" வயலில் போய்ப் பார்த்தால் அது அப்படியே தெரியும். தடங்கள் மேட்டில் இருக்காது, தண்ணீர் தேங்கிய குழிகளைச் சுற்றித்தான் இருக்கும். ஆகவே மட்டப்பலகையில் போடுகிற ஒவ்வொரு மணித்தியாலமும் காவலில் மிச்சமாகும். விதைக்கிற அன்று, மண் நிரப்பிய பையைக் கயிற்றில் கட்டி வரவை நெடுக இழுத்தால் ஆழம் குறைந்த கான்கள் விழும், நின்ற தண்ணீர் அதன் வழியே வடிந்து வக்கடைக்கு (வரம்பில் தண்ணீர் போக வெட்டிய வாய்க்கு) போகும். வக்கடையைத் திறந்தே விட்டு, பயிர் பச்சை காட்டிய பின் மெல்ல மெல்லத் தண்ணீர் கட்ட வேண்டும். சேறு மினுங்க வேண்டும், தண்ணீர் மினுங்கக் கூடாது. இதற்கு விலை உண்டு: தண்ணீர் இல்லாத சேற்றில் நெற்சப்பியும் கோரையும் முந்திக்கொண்டு வரும், களைக்கு நேரத்தோடு மருந்து பார்க்க வேண்டும். சிறுபோகத்தில் (கோடைப் போகத்தில்) வாய்க்கால் தண்ணீர் நம் கையில் இருப்பதால் இது முழுப் பலன் தரும்.

பெரும்போகத்தில் வடகீழ்ப் பருவமழை ஒரே இரவில் எல்லா வரவையையும் குளமாக்கிவிடும். மானாவாரிக் காணிக்காரர் மழைக்கு முன்பே புழுதி விதைப்பை முடித்தால் நெல் மண்ணுக்குள் இருக்கும், தண்ணீர் நிற்கும்போது பயிர் எழும்பியிருக்கும். அங்கே புறாவும் மயிலும் தொல்லை, தாரா இல்லை. சேற்று விதைப்புத்தான் என்றால் வட்டை முழுவதும் ஒரே கிழமைக்குள் விதைத்து முடிப்பது பெரிய பாதுகாப்பு. முந்தி விதைத்த ஒருவரின் வரவையில் கூடுகிற கூட்டம் அப்போது ஆயிரம் வரவைகளில் பிரிந்துபோகும். போக ஆரம்பக் கூட்டத்தில் திகதி குறிக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

என் கணக்கில் வரிசை இதுதான்: மட்டமும் வடிகாலும் முதலில், அதற்குத் துணையாக முதல் கிழமை ஆள்மாறி ரோச் காவல், குளத்துப் பக்கத்து இரண்டு மூன்று வரவைகளுக்கு மட்டும் கயிறு. யானைவெடி யானைக்கே இருக்கட்டும். துவக்குக்கு வைத்த காசு இருந்தால் மட்டம் அடிக்கக் கொடுக்கலாம்.

குளத்தின் அலைகரையோடு ஒட்டி, எவ்வளவு வடித்தாலும் ஊற்றெடுக்கிற துண்டு சிலருக்கு இருக்கும். ஏக்கருக்கு 2 புசல் முளைநெல்லை அங்கே திரும்பத் திரும்ப எறிவது வீண். அந்தத் துண்டுக்கு மட்டும் பரசூட் முறையில் தட்டில் நாற்றுப் போட்டு, 12 முதல் 15 நாள் நாற்றாக எறியுங்கள். மணி கரைந்து வேர் பிடித்த நாற்றில் தாராவுக்குத் தின்ன நெல் இல்லை. தட்டுகளுக்குக் கமநல சேவை நிலையத்தில் நேரத்தோடு விசாரித்து, நாற்றை வீட்டு முற்றத்திலேயே வளர்த்துக்கொண்டு போகலாம்.