பாழடைந்த மனநலக் காப்பகங்களைப் படமெடுக்க: கேனன் டிஎஸ்-இ 24 மிமீ லென்ஸ்

கைவிடப்பட்ட மனநலக் காப்பகத்துக்குள் அகலக் கோண லென்ஸை அண்ணாந்து பிடித்தால் சுவரெல்லாம் உள்ளே சாய்ந்து, பேய்ப்பட போஸ்டர் மாதிரி ஆகிவிடும். அங்கே வருடக்கணக்கில் கிடந்த மனிதர்களுக்கு அது அநியாயம். கேனன் டிஎஸ்-இ 24 மிமீ எஃப்3.5 லென்ஸின் இரண்டாம் பதிப்பை (2009) இந்த வேலைக்குச் சிபாரிசு செய்வது அதனால்தான். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் 12 மிமீ மேலேற்றலாம் (இதுதான் ஷிஃப்ட்); சுவர் சுவராகவே நிற்கும்.

முக்காலியைக் கட்டில் உயரத்துக்கு, சுமார் 65 செமீ, இறக்குங்கள். மட்டம் பார்த்து, ஷிஃப்ட் குமிழைத் திருகினால் விசிறிக் கொக்கியும் கம்பி ஜன்னலின் மேல்பாதியும் படத்துக்குள் வரும். படுத்திருந்தவர் நாளெல்லாம் பார்த்தது அதைத்தான். நின்றபடி எடுத்தால் அது காவலாளியின் பார்வை.

டிஎஸ்எல்ஆரில் ஒளி அளவை ஷிஃப்ட் பூஜ்யத்தில் இருக்கும்போதே பார்த்து, எம் மோடில் (ஒளி அளவை நாமே அமைக்கும் முறை) வைத்துவிட வேண்டும். நகர்த்திய பிறகு மீட்டர் தப்பாகக் காட்டும். ஆட்டோஃபோகஸ் கிடையாது. லென்ஸ் துளையை எஃப்11-க்குச் சுருக்கி 1.8 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 90 செமீ முதல் கடைசிச் சுவர் வரை தெளிவாக வரும். ஆகவே வார்டுக்கு டில்ட் (லென்ஸை மட்டும் சாய்க்கும் வசதி) வேண்டாம். தரையில் சிதறிய தட்டு, செருப்புக்கு மட்டும் போடுங்கள். 65 செமீ உயரத்துக்கு 2 டிகிரி போதும். 8 டிகிரி வரை திருகிவிட்டு லென்ஸைக் குறை சொல்பவர்கள் உண்டு.

21 செமீ வரை நெருங்கலாம். சிறு பொருள்களுக்கு இது பெரிய வசதி. நியூயார்க் மாநிலத்தின் வில்லார்டு மனநல மருத்துவமனை 1995-இல் மூடப்பட்டபோது பரணில் நோயாளிகளின் பெட்டிகள் சுமார் 400 கிடைத்தன. அப்படியானவை நெருங்கிப் பார்க்க வேண்டியவை. ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு கருகியவர்களை மறக்காத நம் பக்கத்தாருக்குச் சுவரில் ஓர் இரும்பு வளையம் தெரிந்தாலே போதும். அதை நேராக எடுங்கள், நிழல் போட்டு நாடகமாக்க வேண்டாம். கேஸ் ஷீட்டில் (நோயாளியின் மருத்துவக் குறிப்பு) பெயர் தெரிந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். அவருக்குப் பேரன் பேத்தி இருப்பார்கள்.

விலை அதிகம். மதுரையில் வாடகைக்குக் கிடைத்தால் அதுவே உத்தமம். வாங்கும் இடத்திலேயே டில்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, எதிர்க்கடை இரும்பு ஷட்டரை நேர் எதிரே நின்று எஃப்3.5-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இடதும் வலதும் ஒரே தெளிவில் இல்லையென்றால் அந்த லென்ஸ் வேண்டாம். பிறகு திருமலை நாயக்கர் மகால் தூண்களில் அரைநாள் பழகுங்கள். உச்சி குறுகாமல் வரும்வரை.

தூசு புகாத கட்டமைப்பு இதில் இல்லை. வௌவால் எச்சப் பொடி நகரும் பகுதியில் ஒட்டும். ஊதி எடுத்த பிறகே லென்ஸைப் பழைய நிலைக்குத் திருகுங்கள். எடை 780 கிராம். மலிவான முக்காலித் தலை மெல்லத் தொங்கி மட்டத்தைக் கெடுக்கும், பல்சக்கரத்தால் நுணுக்கமாகத் திருப்பும் கியர் தலை ஒன்றையும் சேர்த்தே வாடகைக்குக் கேளுங்கள்.