நாகை ரயில்வே பட்டறைத் தெருக்கள்: வெளிநாட்டுப் பல்கலையா, தஞ்சையா?

நாகப்பட்டினம் ரயில்வே பட்டறை 1928-இல் பொன்மலைக்குப் போனது. அந்தத் தெருக்களின் வாழ்க்கையை யாரோடு சேர்ந்து பதிவு செய்வது?

செலவு: வெளிநாட்டார் பணம் தரலாம், ஊர்ச் சங்கம் நேரடியாக வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்றால் பஸ் கட்டணம்தான்.

அனுபவம்: இங்கே வெளிநாடு முந்துகிறது. ஜெர்மனியின் சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் மூடியது. 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மூடிய ஆலையை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தவர்கள்.

பேச்சு: திண்ணைக் கதைக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு? தஞ்சை மாணவரே போதும்.

நீடிப்பு: திட்டம் முடிந்தால் விருந்தாளி கிளம்பிவிடுவார், ஒலிப்பதிவும் கூடவே. நகல் நாகையில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

கட்டடம் காக்க வெளிநாடு. வாய்மொழி வரலாற்றுக்குத் தஞ்சை.